டென்ட் அடிக்கலாம்... ஆனா எங்க, எந்த மாசம், யாரைக் கேட்டு?

செமஸ்டர் எக்ஸாம் முடியுற அன்னைக்கே கிளாஸ் குரூப்ல ஒரு மெசேஜ் வரும்: "மச்சி, அடுத்து எங்க?" போன வருஷம் மே மாசம் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது நான்தான். என் அக்காவோட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டேன். கல்வராயன் மலையில ஒரு ஓடை, ஓரத்துல மஞ்சள் டென்ட், பக்கத்துல மாமாவோட பைக், மூணு கல் வெச்ச அடுப்பு. கீழே லொகேஷன் பின்னையும் சேர்த்து அனுப்பிட்டேன். பத்து நிமிஷத்துல இருபது பேர் ஹார்ட்டு விட்டாங்க. ஏழு பேர் "அடுத்த ஏப்ரல்ல ஃபேர்வெல் ட்ரிப் இங்கதான்"னு முடிவே பண்ணிட்டாங்க.

அந்தப் பின்னை நான் ஏன் அழிச்சேன்னு சொல்றதுக்குத்தான் இந்தக் கட்டுரை. கூடவே, அழிச்சது மட்டும் போதாதுன்னு ஏன் நினைக்கிறேன்னும் சொல்லணும்.

ஸ்டேட்டஸ்ல வராத கதை

அக்காவும் மாமாவும் திண்டிவனத்துல கூட்டுக் குடும்பத்துல இருக்காங்க. ரெண்டு ரூம் வீடு, ஆறு பேர். கல்யாணமாகி ரெண்டு வருஷம். ஆன்லைன்ல ஒரு டென்ட் வாங்கி, தார்பாய், டார்ச், மேகி, ஒரு சின்னப் பாத்திரம் எல்லாத்தையும் பைக்ல கட்டிக்கிட்டு மே முதல் வாரம் கிளம்பினாங்க. விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, அங்கிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் மலைப்பாதை. "மெத்தை போட்ட வீட்டை விட்டுட்டு யாராவது காட்டுல போய்ப் படுப்பாங்களா?"ன்னு அம்மா புலம்பினதை இங்க விட்டுடறேன்.

சாயங்காலம் ஓடைக்குப் பக்கத்துல மணல் திட்டு ஒண்ணு பார்த்து டென்ட் அடிச்சாங்க. சுள்ளி பொறுக்கி அடுப்பு மூட்டினாங்க. போட்டோ எடுத்தாங்க. ஸ்டேட்டஸ் அதோட முடிஞ்சுது.

அதுக்கு அப்புறம் நடந்ததை அக்கா வீட்டுக்கு வந்துதான் சொன்னா. தண்ணி கொதிக்கிறதுக்குள்ள மேல இருந்து ஒரு பெரியவர் வேகமா இறங்கி வந்தாராம். கல்வராயன்ல காலங்காலமா வாழற மலையாளி பழங்குடி மக்கள்ல ஒருத்தர். (கேரளாக்காரங்க இல்ல. அந்த மலை மக்களோட பேரே அதுதான்.) வணக்கம்கூட சொல்லல. "தம்பி, முதல்ல அடுப்பை அணைங்க. அப்புறம் பேசலாம்"னாராம். அணைச்சாங்க. அவரே ஒரு சொம்பு தண்ணி எடுத்து ஊத்தி, காலால மண்ணைத் தள்ளி மூடினார். அப்புறம்தான் சொன்னார்: "இது காப்புக்காடு. இந்த மாசத்துல எங்க வீட்டுப் பசங்களையே பீடியோட இந்தப் பக்கம் விடமாட்டோம். நீங்க ரெண்டு பேரு வந்து அடுப்பு வெச்சிருக்கீங்க."

மாமாவுக்கு முகம் செத்துப் போச்சாம். பெரியவர் அதுக்கு மேல திட்டல. "பாப்பா, டென்ட்டைக் கழட்டு. வீட்டுத் திண்ணையில படுத்துக்கங்க"ன்னு கூட்டிட்டுப் போயிட்டார். ராத்திரி ரெண்டு மணிக்கு இடி, மின்னல், கோடை மழை. விடிஞ்சதும் போய்ப் பார்த்தா அந்த மணல் திட்டு மேல கணுக்கால் அளவுக்குத் தண்ணி ஓடுது. மூணு கல்லுல ரெண்டைக் காணோம்.

யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதனாலதான் இது எங்க வீட்டுல சிரிச்சுக்கிட்டே சொல்ற கதையா இருக்கு. எல்லாருக்கும் அப்படி அமையறதில்ல.

குரங்கணியை மறந்துட்டோமா?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிக்கு மேல குரங்கணி மலை. சென்னையில இருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கத்துல இருந்து இன்னொரு குழு. கொழுக்குமலையில இருந்து இறங்கி வரும்போது காட்டுத்தீயில மாட்டிக்கிட்டாங்க. இருபதுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. கல்யாணமாகி சில மாசமே ஆன ஒரு தம்பதியும் அதுல இருந்தாங்க. அவங்க போன பாதைக்கு முறையான அனுமதி இல்லைன்னு அரசுத் தரப்பு அப்போ சொல்லுச்சு. நாம அப்போ ஸ்கூல்ல இருந்தோம். டிவியில பார்த்திருப்போம், மறந்திருப்போம்.

தீ ஏன் அவ்வளவு வேகமா வந்துச்சு? இது நம்ம ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடம்தான். சமதளத்துல தீ எரியும்போது வெப்பம் பெரும்பாலும் மேல போயிடும். சரிவுல எரியும்போது, மேல இருக்குற புல்லும் சருகும் தீ நாக்குக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கும். தீ போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே அது காய்ஞ்சு சூடாகித் தயாரா இருக்கும். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் தீ மேல ஏறுற வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும்னு காட்டுத்தீ படிக்கிறவங்க ஒரு தோராயக் கணக்கு வெச்சிருக்காங்க. அப்படின்னா 20 டிகிரி சரிவுல நாலு மடங்கு. போதாததுக்குப் பகல்ல மலைக்காத்தும் கீழ இருந்து மேல வீசும். மனுஷன் மட்டும் மேட்டுல ஓட ஓட வேகம் குறைவான்.

கல்வராயனும் ஜவ்வாதும் பெரும்பாலும் இலையுதிர் காடு. ஜனவரிக்கு மேல மரங்கள் இலையைக் கொட்ட ஆரம்பிக்கும். மார்ச், ஏப்ரல்ல கால் வைக்கிற இடமெல்லாம் சருகு. நம்ம நாட்டுல காட்டுத்தீ பெரும்பாலும் தானா வர்றதில்ல, மனுஷன் கையிலருந்துதான் வருது. மூணு கல் அடுப்பும் அந்தக் கணக்குலதான் வரும்.

'சம்மர் கேம்ப்பிங்' யாரோட காலண்டர்?

இங்கதான் என் முதல் வாதம். கோடையில மலைக்குப் போய் டென்ட் அடிக்கிற ஆசை நமக்கு யூடியூப்ல இருந்து வந்தது. அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் பனி உருகுற ஜூன், ஜூலைதான் வெளியில தூங்க முடியுற காலம். அவங்களுக்கு அது பொருந்துது. நமக்குக் கோடைன்னா மார்ச்ல இருந்து மே. காடு காய்ஞ்சு கிடக்குற காலம். ஓடையில தண்ணி இல்லாம மிருகங்கள் அலையற காலம். மே வந்தா இடி மழை வேற. மேல எங்கயோ பெய்யுற மழை, கீழ வெயில் அடிக்கும்போதே வெள்ளமா வரும். 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் ஒரு பதினேழு வயசுப் பையனை அடிச்சுட்டுப் போனது ஞாபகம் இருக்கலாம்.

அப்போ மழைக்காலம் நல்லதான்னா, அதுவும் இல்ல. ஃபெஞ்சல் புயல் நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்ல. 2024 நவம்பர் கடைசியில மயிலத்துல ஒரே நாள்ல ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. திண்டிவனம், விழுப்புரம் ரெண்டும் தண்ணியில நின்னுச்சு. டிசம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலையில மலைச்சரிவு மண் சரிஞ்சு ஒரு வீட்டுல இருந்த ஏழு பேர் போயிட்டாங்க.

ஆக, நம்ம பக்கத்து மலைகளுக்கு நல்ல காலம்னா டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி ஆரம்பம் வரைக்கும்தான். மழை நின்னிருக்கும், காடு பச்சையா இருக்கும், ராத்திரி குளிரும். பிரச்சினை என்னன்னா, நமக்கு லீவு விடறது மே மாசம்.

வெயிலுக்குத் தப்பிக்கத்தானே போறோம்னு கேட்பீங்க. அதையும் கணக்குப் போடுவோம். ஆயிரம் மீட்டர் ஏறினா சராசரியா 6.5 டிகிரி குறையும். கல்வராயன் பெரும்பாலும் 600ல இருந்து 900 மீட்டர். திண்டிவனத்துல 40 டிகிரின்னா அங்க 35. அந்த அஞ்சு டிகிரிக்காகக் காய்ஞ்ச காட்டுக்குள்ள அடுப்பு மூட்டணுமா?

அந்த வீடியோக்கள்ல காட்டாத ரசீது

இன்னொண்ணு. வெளிநாட்டு வீடியோவுல ஒரு ஜோடி வேன்ல போய், ஏரிக்கரையில டென்ட் அடிச்சு, காபி குடிக்கும். பார்க்க எவ்வளவு சுதந்திரமா இருக்கு! ஆனா யோசெமிட்டி மாதிரி தேசியப் பூங்காவுல கேம்ப் இடத்துக்கு மாசக்கணக்கா முன்னாடியே பதிவு பண்ணணும். ஒவ்வொரு இடத்துக்கும் நம்பர் இருக்கும். கரடி வந்திடாம இருக்க சாப்பாட்டைப் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி இருக்கும், அதுல வைக்கலைன்னா அபராதம். காடு காய்ஞ்சிருக்குற நாள்ல நெருப்பே மூட்டக்கூடாதுன்னு தடை போடுவாங்க. அந்தச் சுதந்திரத்துக்குப் பின்னாடி ஒரு ரசீது இருக்கு. நம்ம ஆளுங்க வீடியோவைக் காப்பி அடிச்சோம், ரசீதை விட்டுட்டோம்.

நம்ம ஊர்லயும் சட்டம் இருக்கு. 1882ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறதும் நெருப்பு வைக்கிறதும் குற்றம். சரணாலயமா இருந்தா 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துக்கும். மாமா ஒரு பி.இ. பட்டதாரி. அவருக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது. "காடுதானே, யாரோடது?"ன்னுதான் நினைச்சிருந்தோம். அந்தப் பெரியவருக்கு அது யாரோடதுன்னு நல்லாத் தெரியும். அவர் அங்க இருந்துதான் ஆகணும். நாம ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்பிடுவோம்.

அப்போ போகவே கூடாதா?

இந்த இடத்துல நிறைய பேர் "தடை போடுங்க, தீர்ந்துது"ன்னு முடிச்சிடுவாங்க. நான் அதுக்கு உடன்படல.

அக்கா ஒண்ணு சொன்னா: "கல்யாணமாகி ரெண்டு வருஷத்துல நானும் அவரும் தொடர்ந்து ஆறு மணி நேரம் பேசினது அந்த பைக்லதான்டா." இதைக் கேட்டப்புறம் அந்த ட்ரிப்பை ஆடம்பரம்னு என்னால சொல்ல முடியல. ரெண்டு ரூம் வீட்டுல ஆறு பேரோட இருக்குற ஜோடிக்கு ரிசார்ட் கட்டணம் கட்டுப்படியாகாது. டென்ட் கட்டுப்படியாகும். ஹாஸ்டல்ல இருக்குற நமக்கும் அப்படித்தான். மலை, ஓடை, நட்சத்திரம் எல்லாம் காசு இருக்குறவனுக்கு மட்டும்னு ஆகிடக்கூடாது.

தடை போட்டாலும் ஆசை போகாது. சொல்லாம போவாங்க, அவ்வளவுதான். வீட்டுக்குச் சொல்லாம, செக்போஸ்ட்ல சொல்லாம போறவன் கால் ஒடிஞ்சு கிடந்தா தேடக்கூட ஆள் வராது.

அரசுக்கும் இது புரிஞ்சிருக்கு. குரங்கணிக்கு அப்புறம் 2018லயே மலையேற்றத்துக்கு விதிமுறை கொண்டுவந்தாங்க. 2024 அக்டோபர்ல வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தை ஆரம்பிச்சுது. ஆன்லைன்ல பதிவு, உள்ளூர் வழிகாட்டி கூட வருவார், எளிது, நடுத்தரம், கடினம்னு தரம் பிரிச்ச 40 பாதைகள். காட்டுத்தீ காலம்னு 2025ல பிப்ரவரி 15ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் நிறுத்தியும் வெச்சாங்க. குரங்கணியில இருந்து சாம்பலாறு போற பாதையும் அந்த 40ல ஒண்ணு. அத்தனை உயிர் போன மலையிலேயே இன்னைக்கு முறையா, வழிகாட்டியோட போக முடியுது. தடையை விட இதுதான் சரியான பதில்னு நான் நினைக்கிறேன்.

ஆனா அந்த 40 பாதைகளும் 14 மாவட்டத்துல இருக்கு. திட்டம் தொடங்கினப்போ அந்தப் பட்டியல்ல விழுப்புரம் இல்ல. கள்ளக்குறிச்சி இல்ல. திருவண்ணாமலையும் இல்ல. நீலகிரிக்கு மட்டும் பத்து. திண்டிவனத்துல இருந்து ஒரு ஜோடி பைக்ல கிளம்பி ஒரே நாள்ல போய்ச் சேரக்கூடிய கல்வராயன், ஜவ்வாது ரெண்டு மலையிலயும் 'முறையா போ'ன்னு கைகாட்டுற பாதை ஒண்ணுகூட அதுல இல்ல.

இதோட இன்னொண்ணையும் சேர்த்துப் பாருங்க. 2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025 ஏப்ரல்ல எண்ணிக்கைக்கும் வரம்பு வந்துச்சு: நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வாரக் கடைசியில 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. சென்னை ஹைகோர்ட் உத்தரவு, தேவையான உத்தரவுதான். ஆனா அங்க இடம் கிடைக்காத கூட்டம் வீட்டுல உட்காராது. கல்வராயன், ஜவ்வாதுன்னு சின்ன மலைகளைத் தேடும். அங்க கழிவறை இல்ல, குப்பைத்தொட்டி இல்ல, வழி சொல்ல ஆள் இல்ல. நம்ம பின்னு மட்டும் இருக்கு.

நான் கேட்கிறது

ஒண்ணு: கல்வராயன்லயும் ஜவ்வாதுலயும் குறைஞ்சது ஒவ்வொரு பாதையாவது ட்ரெக் தமிழ்நாடு பட்டியல்ல வரணும். வழிகாட்டிகளா அந்த மலை மக்களே இருக்கணும். எந்த ஓடை எப்போ பொங்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

ரெண்டு: மலையடிவாரத்துல, காப்புக்காட்டுக்கு வெளியே, கோமுகி அணை மாதிரி இடத்துக்குப் பக்கத்துல ஒரு எளிமையான டென்ட் மைதானம். சுத்தி வேலி, தண்ணி, கழிவறை, எல்லாருக்கும் பொதுவா ஒரே சமையல் மேடை, பேர் எழுதி வைக்க ஒரு நோட்டு, முதலுதவிப் பெட்டி. உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழு நடத்தட்டும், வருமானம் அவங்களுக்கே போகட்டும். ரிசார்ட் வேணாம். கான்கிரீட்டும் அதிகம் வேணாம்.

மூணு: இது நமக்கு. சிவில் பசங்க தண்ணி குறைவான இடத்துக்குக் கழிவறை டிசைன் பண்ணலாம். இசிஇ பசங்க ஓடை நீர்மட்டம் ஏறினா சத்தம் போடுற சென்சார் வைக்கலாம். ஒவ்வொரு வருஷமும் அதே 'ஸ்மார்ட் டஸ்ட்பின்'னை ஃபைனல் இயர் பிராஜெக்ட்டா காட்டுறதுக்கு இது எவ்வளவோ மேல்.

இதெல்லாம் வர்ற வரைக்கும்? ஒரு நாள் சாகசம் போதும்னா செஞ்சி இருக்கு. திண்டிவனத்துல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். ராஜகிரி ஏறக்குறைய 800 அடி. 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகள்ல தமிழ்நாட்டுல இருக்குறது இது ஒண்ணுதான். காலையில ஏறி வெயிலுக்கு முன்னாடி இறங்கிடணும். மே மாசம் மதியம் அந்தப் பாறையில கை வெச்சுப் பார்த்தவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. ராத்திரி தங்கத்தான் ஆசைன்னா, தலைப்புல இருக்குற மூணு கேள்வியைக் கேளுங்க: அது யாரோட இடம்? இது எந்த மாசம்? யார்கிட்ட அனுமதி கேட்டோம்? மூணுல ஒண்ணுக்குப் பதில் இல்லன்னாலும் பையைப் பிரிக்காதீங்க.

அக்காவும் மாமாவும் இந்த ஜனவரியில மறுபடியும் கல்வராயன் போனாங்க. பெரியவருக்கு முன்னாடியே போன் பண்ணிட்டாங்க. இந்தத் தடவை டென்ட் அடிச்சது அவரோட நிலத்துல, சாமை அறுத்து முடிச்ச வயல்ல. சமையல் அவங்க வீட்டு அடுப்புல. கிளம்பும்போது மாமா காசு நீட்டினதுக்கு முதல்ல வேணாம்னாராம். அப்புறம் "அடுத்தவங்களும் வருவாங்க இல்ல, அப்போ சும்மா படுக்க வைக்க முடியுமா"ன்னு முந்நூறு ரூபாய் வாங்கிக்கிட்டாராம். கட்டணம், இடம், அனுமதி எல்லாம் அங்கயே பேசி முடிஞ்சுது. ஒரு மலைக்கிராமத்துப் பெரியவரும் ஒரு ஜோடியும் போன்ல பேசி செஞ்சதை ஒரு மாவட்ட நிர்வாகத்தால செய்ய முடியாதா?

நம்ம கிளாஸ் ஏழு பேர் இன்னும் என் மேல கோபமா இருக்காங்க, பின்னை அழிச்சதுக்கு. ஏப்ரல் ட்ரிப் செஞ்சிக்கு மாறிடுச்சு. அடுத்த ஜனவரியில, வேலைக்குப் போனதுக்கு அப்புறம், எல்லாரும் சேர்ந்து அந்தச் சாமை வயலுக்குப் போறதுன்னு பேச்சு. நம்பர் என்கிட்ட இருக்கு. ஆனா குரூப்ல போட மாட்டேன், நேர்ல கேளுங்க. நான் சொன்னது தப்புன்னா அடுத்த இதழ்ல எழுதுங்க, அதையும் படிக்கிறேன்.